பதின்பருவப் பிள்ளைகளை நேபாளத்துக்கு ஊழியப் பயணமாக அழைத்துச் செல்வது எப்படி? – செய்முறை விளக்கம்

சபையில் விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிந்த கையோடு, பத்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை ஒரு வார ஊழியத்துக்காக நேபாளத்துக்கு அழைத்துச் செல்ல விரும்பும் வாலிபர் பொறுப்பாளர்களுக்காக இதை எழுதுகிறேன். காணிக்கை திரட்டுவது, ஜெபக்குழு அமைப்பது, ரயிலுக்குக் கட்டுச்சோறு கட்டுவது ஆகியவற்றை நான் விளக்கப் போவதில்லை. அவற்றில் நம் சபைகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பயணம் கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான். ஒன்று ஆவணம், மற்றொன்று அந்த நாட்டுச் சட்டம்.

வழியைப் பொறுத்தவரை, ராப்திசாகர் விரைவு வண்டியில் கோரக்பூர், அங்கிருந்து பேருந்தில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் சோனாலி எல்லை, எல்லையைக் கடந்தால் பைரஹவா, அதற்கு வடக்கே புட்வல் என்ற தடத்தை வைத்தே எழுதுகிறேன். விமானத்தில் காட்மாண்டு செல்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: அழைப்பைப் பெறுங்கள்

நீங்கள் போக விரும்புவது அழைப்பு ஆகாது. அங்குள்ள சபையின் போதகர் தம் சபைக்கு என்ன வேலை தேவை என்பதை எழுதி அனுப்ப வேண்டும். சுவருக்கு வண்ணம் பூசுவதா, கூரைத் தகடு மாற்றுவதா, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குச் செயல் பாடல்கள் கற்றுக்கொடுப்பதா என்பதை அவரே சொல்லட்டும். நாம் இங்கே உட்கார்ந்து நிகழ்ச்சி நிரல் தயாரித்துக்கொண்டு போனால், ஒரு வாரம் முழுவதும் அந்தச் சபையார் நமக்கு விருந்தோம்பும் வேலையில்தான் இருப்பார்கள்.

பிள்ளைகள் இல்லங்களுக்குச் செல்வதை நான் முற்றிலும் தவிர்க்கச் சொல்வேன். பெற்றோர் உயிரோடு இருக்கும் பிள்ளைகளையே இல்லங்களில் சேர்த்து, வெளிநாட்டவரின் வருகையையும் நன்கொடையையும் நம்பி நடத்தும் வழக்கம் நேபாளத்தில் நீண்ட காலமாகக் கண்டிக்கப்பட்டு வருகிறது. மூன்று நாள் கொஞ்சி விளையாடிவிட்டு நம் பிள்ளைகள் ஊர் திரும்பிவிடுவார்கள். அங்குள்ள குழந்தைக்கு அது இன்னொரு பிரிவு.

இரண்டாம் படி: நாளைக் குறியுங்கள்

மே மாதம் நமக்குத்தான் விடுமுறை. நேபாளத்தின் புத்தாண்டான வைசாகம் நம் சித்திரைப் பிறப்பை ஒட்டியே வருகிறது. பள்ளி ஆண்டும் அப்போதுதான் தொடங்குகிறது. ஆகவே மே மாதத்தில் அங்குள்ள பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். நேபாளத்தின் பெரிய பண்டிகையான தசாயின் நம் காலாண்டு விடுமுறையை ஒட்டி வரும் ஆண்டுகளில் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும்; ஆனால் அப்போது நாடே சொந்த ஊருக்குப் புறப்படுவதால் பேருந்தில் நிற்கவும் இடம் கிடைக்காது. எனவே மே மாதமே மேல் என்பது என் முடிவு. வார நாட்களில் காலையில் கட்டட வேலை, மாலையில் சபைக் குடும்பங்களோடு ஐக்கியம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆராதனை சனிக்கிழமை நடக்கும் என்பதை மறக்க வேண்டாம். அங்கு வார விடுமுறை சனிக்கிழமை என்பதால் சபைகளும் அன்றே கூடுகின்றன. வியாழனுக்குள் போய்ச் சேர்ந்தால் இடையில் ஒருநாள் ஒத்திகைக்குக் கிடைக்கும். நேபாளத்தின் தெற்கே, இந்திய எல்லையை ஒட்டிய தராய் சமவெளியில் மே வெயில் நாற்பது பாகையைத் தாண்டும். வேலூர் வெயிலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பெரிதாகத் தெரியாது, ஆனாலும் உப்புச்சர்க்கரைப் பொட்டலங்களைத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள்.

மூன்றாம் படி: ஆவணங்கள்

இந்தப் படியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

இந்தியர்களுக்கு நேபாளம் செல்ல விசா தேவையில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதால், ஆவணமே தேவையில்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அடையாள ஆவணம் கட்டாயம் தேவை, அதுவும் வயதைப் பொறுத்து மாறும். பெரியவர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையம் வழங்கிய வாக்காளர் அட்டை வேண்டும். பதினைந்து வயது நிரம்பாதவர்களும் அறுபத்தைந்தைக் கடந்தவர்களும் ஆதார் போன்ற புகைப்பட அட்டையைக் காட்டலாம். இடையிலுள்ளவர்களுக்கு ஆதார் செல்லாது. நாடு முழுவதும் எதற்கெடுத்தாலும் கேட்கப்படும் அட்டை இந்த எல்லையில் செல்லாது என்பதைப் பெற்றோர் நம்பவே மாட்டார்கள். பதினைந்து முதல் பதினெட்டு வயது வரையிலான மாணவர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு: பள்ளி முதல்வர் குறிப்பிட்ட படிவத்தில் வழங்கும் அடையாளச் சான்றிதழோடு அவர்கள் செல்லலாம்.

நம் குழுவில் பெரும்பாலோர் இந்த வயதுக்காரர்கள் என்பதால் சிக்கல் இங்கேதான் வருகிறது. ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடியபின் முதல்வரைப் பிடிக்க முடியாது. பிடித்தாலும், தமக்குப் பழக்கமில்லாத படிவத்தில் கையெழுத்திட அவர் தயங்குவார். ஒரு பள்ளியில் படிவத்தை ஒதுக்கிவிட்டு, மாணவர் கல்விச் சுற்றுலா செல்வதாகத் தங்கள் வழக்கமான கடிதத்தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அது நன்னடத்தைச் சான்றிதழாக இருந்ததே தவிர, புகைப்படமும் பிறந்த தேதியும் அதில் இல்லை. சான்றிதழைத்தான் நம்புகிறீர்கள் என்றால் மார்ச் மாதத்திலேயே, தேர்வு நடந்துகொண்டிருக்கும்போதே, நிரப்பிய படிவத்தோடு போய் நின்று வாங்கிவிடுங்கள்.

குடும்பமாகச் செல்பவர்களில் ஒரு பெரியவரிடம் உரிய ஆவணம் இருந்தால் மற்றவர்கள் உறவைக் காட்டும் வேறு புகைப்பட அட்டைகளோடு செல்லலாம் என்று ஒரு சலுகை உண்டு. சபைக் குழு இந்தச் சலுகைக்குள் வராது. “நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம்” என்று போதகர் சொல்வது வேதத்தின்படி சரி, எல்லைக் காவலரிடம் அது எடுபடாது.

என்னைக் கேட்டால் சான்றிதழையே நம்பாமல் எல்லோருக்கும் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள் என்பேன். பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பெற்றோர் இருவரும் கையெழுத்திடும் ‘இணைப்பு டி’ உறுதிமொழியைச் சேர்க்க வேண்டும். தந்தை வளைகுடாவில் வேலை செய்யும் குடும்பங்களில் அந்தக் கையெழுத்துக்காகவே வாரங்கள் கரையும் என்பதால், ஜனவரியிலேயே தொடங்குங்கள். விமானத்தில் செல்பவர்கள் பாஸ்போர்ட்டைத் தவிர வேறெதையும் நம்பிப் போக வேண்டாம்.

அதோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரின் சம்மதக் கடிதம் ஆங்கிலத்தில், நோட்டரி முத்திரையோடு இருக்க வேண்டும். பயணத் தேதிகள், பொறுப்பாளரின் பெயர், அவசர மருத்துவத்துக்கு அனுமதி, பெற்றோரின் அலைபேசி எண் ஆகிய நான்கும் ஒரே பக்கத்தில் வரட்டும். இவற்றை வாட்ஸ்அப் குழுவில் போட்டு வைத்தால் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எல்லையில் நம் சிம் வேலை செய்யாது. பிள்ளைக்கு ஓர் உறை வீதம், ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைகளில் காகிதமாக வைத்து, எல்லாவற்றையும் ஒரே பொறுப்பாளரின் பையில் வையுங்கள். எந்தச் செயலியும் இதற்கு ஈடாகாது.

நான்காம் படி: சட்டத்தைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் கற்றுக்கொடுங்கள்

நேபாளத்தில் கிறிஸ்தவராக வாழவும் வழிபடவும் தடை இல்லை. ஆனால் 2015-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 26-ஆவது பிரிவு ஒருவரை மதம் மாற்றுவதைத் தடுக்கிறது. 2018 ஆகஸ்டில் அமலுக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158-ஆவது பிரிவின்படி அதற்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெளிநாட்டவர் என்றால் தண்டனைக்குப் பின் நாடு கடத்தப்படுவார். இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 2016-இல் தோலகா மாவட்டத்தின் சரிகோட்டில், பள்ளிப் பிள்ளைகளுக்கு இயேசுவின் கதையைச் சொல்லும் படக்கதைப் புத்தகம் கொடுத்ததற்காக எட்டுப் பேர் கைது செய்யப்பட்டு, அந்த ஆண்டின் இறுதியில்தான் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள்.

ஆகவே கைப்பிரதி (நற்செய்தித் துண்டுப் பிரசுரம்) வேண்டாம், தெருமுனைப் பாடல் வேண்டாம், பள்ளி வாசலில் மிட்டாய் கொடுத்து அழைப்பது வேண்டவே வேண்டாம். பேருந்து நிலையக் கைப்பிரதி ஊழியத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது புரிவது கடினம். இயேசுவைப் பற்றிச் சாட்சி சொல்லப் பயப்படலாமா என்று கேட்பார்கள். நாம் ஒரு வாரத்தில் ரயிலேறிவிடுவோம், விசாரணைக்கு நிற்பவர் உள்ளூர்ப் போதகர் என்பதை அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பரிசுப் பொருட்களுக்கும் இதே விதிதான். உடையோ நோட்டுப் புத்தகமோ கொண்டுபோனால் பிள்ளைகள் தம் கையால் ஊராருக்கு விநியோகிக்கக் கூடாது. ஆசை காட்டி மதம் மாற்றினார்கள் என்ற புகாருக்கு அந்த ஒரு புகைப்படமே போதும். சபைப் பொருளாளரிடம் ரசீதோடு ஒப்படைத்துவிடுங்கள்.

சிலர் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, பின்னே எதற்காகப் போக வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அந்தச் சபையார் கேட்ட வேலையைச் செய்யவும், அவர்களோடு சேர்ந்து தொழவும் போகிறோம். அது போதாது என்று நினைப்பவர்கள் பதின்பருவப் பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லாமல் இருப்பதே நல்லது.

ஐந்தாம் படி: பயிற்சி

நான்கு வாரம் போதும். நேபாளியில் இரண்டு பாடல், தம்மை அறிமுகப்படுத்த மூன்று வாக்கியம், “ஜய் மசீஹ்” என்ற வாழ்த்து ஆகியவற்றை மனப்பாடம் செய்யட்டும். தரையில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே அமர்வது, செருப்பை வெளியே விடுவது, வலக்கையால் உண்பது எல்லாம் நம் கிராமத்துச் சபைகளின் வழக்கமே என்பதால் பழக்க வேண்டியதில்லை. பழக்க வேண்டியது உணவைத்தான். காலையும் இரவும் பருப்பும் சோறும்தான் கிடைக்கும், இட்லியை மறந்துவிட வேண்டும். கிதாரைச் சுமந்து வர வேண்டாம். அங்கே மாதல் என்ற தோல் கருவி இருக்கும், நம் தபேலா வாசிக்கும் பிள்ளை அரை மணி நேரத்தில் பிடித்துக்கொள்வான்.

பெண் பிள்ளைகள் இருந்தால் பெண் பொறுப்பாளர் ஒருவராவது கட்டாயம். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியே அறையிலோ வண்டியிலோ இருக்கக் கூடாது என்பதைப் பெற்றோர் கூட்டத்திலேயே அறிவித்துவிடுங்கள்.

ஆறாம் படி: எல்லையும் பணமும்

ரயில் முன்பதிவு அறுபது நாட்களுக்கு முன் திறக்கும். அன்று காலையிலேயே போகும் சீட்டையும், திரும்பும் தேதிக்குரிய நாளில் வரும் சீட்டையும் எடுத்துவிடுங்கள். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்ற விகிதம் 1993 முதல் மாறவில்லை, ஆகவே மாற்றுபவர் வேறு கணக்குச் சொன்னால் நகர்ந்துவிடுங்கள். பெரிய நோட்டுகள் பற்றிய விதி அவ்வப்போது மாறியிருப்பதால் 100 ரூபாய் நோட்டுகளாகவே எடுத்துச் செல்வது நல்லது. நேபாள நேரம் நம் நேரத்தைவிடப் பதினைந்து நிமிடம் முந்தியது. எல்லைக்கு அப்பால் பேருந்து பிடிக்கும்போது இது நினைவிருக்கட்டும்.

போகும்போது சோனாலியில் பெரிய கெடுபிடி இருக்காது. திரும்பும்போதுதான் கேள்விகள் வரும். நேபாளப் பெண் பிள்ளைகள் இந்தியாவுக்குக் கடத்தப்படுவதைத் தடுக்க, 1993-இல் தொடங்கப்பட்ட மைதி நேபாள் போன்ற அமைப்புகளின் பெண்கள் எல்லையில் நின்று, இளம்பெண்களோடு வரும் பெரியவர்களை நிறுத்தி விசாரிக்கிறார்கள். நம் பக்கத்தில் இந்திய எல்லையைக் காக்கும் சஷஸ்திர சீமா பல் படையினரும் கேட்பார்கள். உறவில்லாத ஓர் ஆண் ஐந்தாறு பதின்பருவப் பெண்களோடு வருவதைக் கண்டால் கேட்பது அவர்கள் கடமை. பெண் பொறுப்பாளர் முன்னே நின்று, ஒவ்வொரு பிள்ளையின் உறையையும் திறந்து சம்மதக் கடிதத்தைக் காட்டட்டும். பிள்ளைகளைத் தனியே அழைத்துப் பெயர், ஊர், உடன் வந்தவர் யார் என்று கேட்டால், அஞ்சாமல் உள்ளதைச் சொல்லும்படி முன்கூட்டியே பழக்கிவையுங்கள். கோபித்துக்கொள்ளும் பொறுப்பாளரால்தான் நேரம் வீணாகும்.

பிற்சேர்க்கை

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, பதினெட்டு நிரம்பிய ஒரு பையனுக்குப் பள்ளிச் சான்றிதழ் செல்லுமா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். செல்லாது. பதினெட்டு முடிந்ததும் அவன் பெரியவர் கணக்கில் சேர்ந்துவிடுகிறான், வாக்காளர் அட்டையோ இன்னும் கைக்கு வந்திருக்காது. இப்படி இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பிள்ளைகள் ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது இருப்பார்கள். பெயர்ப் பட்டியல் எடுக்கும் நாளிலேயே, பயணத் தேதியன்று ஒவ்வொருவருக்கும் என்ன வயது என்பதை எழுதி வையுங்கள். பதினைந்தைத் தாண்டப் போகும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதே கணக்குத்தான்.

திரும்பும் ரயிலுக்கு எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று இன்னொருவர் கேட்டார். புட்வலிலிருந்து கோரக்பூர் அரை நாள் பயணம்தான் என்றாலும், பந்த் அறிவித்தால் நேபாளத்தில் வண்டிகள் ஓடாது. முந்தைய நாளே கோரக்பூருக்கு வந்து தங்கிவிடுங்கள்.