எழுத்தெண்ணிப் பாடுங்கள்: ஜப்பானிய பாப் பாட்டுக்குப் பழகும் முறை

ஜப்பானியப் பாட்டைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். மெட்டு சரியாக இருக்கும், ஆனால் சொல் தாளத்துக்கு முன்பே தீர்ந்துபோகும். அந்த மொழியில் ஒவ்வொரு கானா (ஒலியைக் குறிக்கும்) எழுத்துக்கும் ஒரே அளவு நேரம் உண்டு. பழைய பாட்டுகளில் பெரும்பாலும் எழுத்துக்கு ஒரு சுரம் என்றே மெட்டுப் போட்டிருப்பார்கள்.

மாத்திரைக் கணக்கு படித்தவருக்கு இதில் பாதி தெரிந்ததுதான். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்பது அங்கேயும் அப்படியே. மெய்யில்தான் கணக்கு மாறுகிறது: நமக்கு ஒற்று அரை மாத்திரை, அவர்களுக்கு முழுதாக ஒன்று. லிசா பாடிய 2019 பாட்டின் பெயர் ‘குரெங்கெ’. அதைக் கு-ரெ-ங்-கெ என்று நான்காகத் தட்ட வேண்டும். ‘ங்’ தனியாக ஒரு தட்டு நிற்கும். அடோவின் ‘உஸ்ஸேவ’ (2020) ஐந்து: உ-ஸ்-ஸெ-எ-வ. அய்மியோனின் ‘மரீகோருதோ’ (2018) ஆங்கிலத்தில் மூன்றே அசை, ஜப்பானியத்தில் ம-ரி-இ-கொ-ஒ-ரு-தொ என்று ஏழு. பாட்டைத் தொடும் முன் இந்த மூன்று பெயர்களையும் மேசையில் விரலால் தட்டிச் சொல்லிப் பாருங்கள். தட்டு பிசகாமல் வந்தால் வேலை பாதி முடிந்தது.

முதல் பாட்டாக ‘உஏ ஓ முயிதே அருகோ’வை எடுங்கள். சகமோட்டோ கியூ 1961இல் பாடியது. வரிகள் எய் ரோக்குசுகே, இசை நகமுரா ஹச்சிதாய். 1963 ஜூனில் ‘சுகியாகி’ என்ற பெயரில் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. (சுகியாகி என்பது ஒரு மாட்டிறைச்சிப் பதார்த்தம், பாட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.) தொடக்க வரி மத்தியமமும் நிஷாதமும் இல்லாத ஐந்து சுரங்களுக்குள் நடக்கிறது. ஜப்பானில் இந்த அமைப்புக்கு யொனானுகி என்று பெயர். மோகனத்தின் சுரங்களும் இவைதான் என்பதால் காதுக்குச் சட்டென்று பிடிபடும். பதிவில் சகமோட்டோ ‘உ’வை ‘உஹு’ என்று உடைத்துப் பாடுவார். அது அவருடைய ராக்கபில்லி (ராக் இசையின் ஒரு பழைய வகை) பாணி. முதலில் நேராகப் பாடிப் பழகிவிட்டு அந்தக் குலுக்கலைப் பிறகு சேர்க்கலாம்.

அடுத்ததாக நட்சுகாவா ரிமியின் ‘நத சோசோ’ (2001), அதன்பின் யோனெஸு கென்ஷியின் ‘லெமன்’ (2018) என்று போகலாம். ‘லெமன்’ நிமிடத்துக்கு 87 தட்டு வேகம்தான், ஆனால் எழுத்துகள் நெருக்கமாக வரும். யோஅசோபியின் ‘யோரு நி ககெரு’ (130 தட்டு), ‘ஐடொல்’ (166) இரண்டையும் ஆசைப்பட்டு முதலிலேயே எடுத்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக் கற்காதீர்கள். மேலே எழுதிய ‘குரெங்கெ’யே சாட்சி: உண்மையில் முதல் எழுத்து ‘கங்கை’யின் வடமொழி ஒலிப்பில் தொடங்குகிற அழுத்தமான ‘க’. தமிழில் அதை எழுதிக் காட்ட வழியில்லை. பத்து வரிக்குள் எது எந்த ‘க’ என்று மறந்துபோகும். ஆங்கில எழுத்தில் கிடைப்பவற்றுக்கு வேறு சிக்கல். அவற்றில் பல கணினி தானாக மாற்றியவை. ‘இன்று’, ‘நான்’ போன்ற சொற்களுக்குப் பின்னால் ஒட்டாக வரும் ‘ஹ’ எழுத்தை ‘வ’ என்று உச்சரிக்க வேண்டும் என்பதை அவை சில வேளை தவறவிடும். அதைவிட மோசமானது கவிஞர்கள் செய்யும் ஒரு வேலை. ‘உச்சூ’ (அண்டவெளி) என்று வாசிக்க வேண்டிய கான்ஜி (பொருளைக் குறிக்கும், சீன வழி வந்த) எழுத்துகளை எழுதிவிட்டு, ‘சோரா’ (வானம்) என்று பாடச் சொல்வார்கள். ‘உன்மே’ என்று எழுதி ‘சதமெ’ என்று பாடுவதும் அப்படியே. இரண்டும் தலைவிதியைக் குறிப்பவை. கணினி அகராதிப்படியே மாற்றும். ஆகவே கான்ஜியின் தலைமேல் சிறிய ஃபுரிகானா (வாசிப்பைக் காட்டும் கானா) அச்சிட்டிருக்கும் ஜப்பானிய வரிகளையே தேடி எடுங்கள். கானாவில் ஒரு வகையான ஹிரகானாவின் அடிப்படை எழுத்துகள் 46தான். தினம் ஐந்து எழுதிப் பழகினால் பத்து நாளில் முடியும்.

தாளில் வரியை எழுதி, ஒவ்வொரு கானாவுக்கும் கீழே ஒரு புள்ளி வையுங்கள். அடுத்த மெய்யை இரட்டிக்கும் சிறிய ‘த்சு’வுக்கும் ‘ன்’னுக்கும் நீட்டல் கோட்டுக்கும் தனிப் புள்ளி. சிறிய ‘ய, யு, யொ’ மட்டும் முன்னெழுத்தோடு சேர்ந்து ஒரே புள்ளி. மெட்டில்லாமல், பாட்டின் வேகத்தில் பாதியில் மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) வைத்து, புள்ளிக்கு ஒரு தட்டாகச் சொல்லுங்கள். தடுமாறாமல் மூன்று முறை வந்தபின் வேகத்தைப் பத்துப் பத்தாகக் கூட்டலாம். ராகத்தோடு சேர்ப்பது அதற்குப் பிறகுதான். அவசரப்பட்டு முன்பே சேர்த்தால் தப்பான இடத்தில் ராகம் ஒட்டிக்கொள்ளும், பிரிப்பது பெரும்பாடு.

பதிவைக் கேட்டுக்கொண்டே சரிபார்க்கும்போது சில இடங்களில் இரண்டு புள்ளிக்கு ஒரே சுரம் வரும். குறிப்பாக ‘ன்’ முன்னெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். 1978இல் அறிமுகமான சதர்ன் ஆல் ஸ்டார்ஸ் குழுவின் குவாட்டா கெய்சுகே ஜப்பானியத்தை ஆங்கிலம் போலச் சுருட்டிப் பாடிப் பெயர்பெற்றவர். இன்றைய பாட்டுகளில் இது சகஜம். அந்த இரண்டு புள்ளிகளை ஒரு வளைகோட்டால் இணைத்துவிடுங்கள்.

ஒலிப்பில் நமக்குச் சில வசதிகள் உண்டு. ‘ன்’ அடுத்த எழுத்துக்கேற்ப ம், ங், ந் என்று மாறும். நம் இன எழுத்துப் பழக்கமே போதும், தனியாக யோசிக்க வேண்டாம். ‘ர’ வரிசை நம் இடையின ‘ர’தான். ‘த’ பல்லருகே பிறப்பது. பெயர்களை ‘ட’ போட்டு எழுதும் வழக்கம் ஆங்கிலம் வழி வந்தது, நாக்கை மடிக்காதீர்கள். ‘ஒஉ’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் ‘ஓ’ என்று நீட்டுங்கள். ‘சுகி’ என்ற சொல் பேச்சில் ‘ஸ்கி’ என்று உதிரும். பாட்டில் அந்த ‘சு’வுக்குச் சுரம் இருந்தால் உயிரோசையோடு முழுதாகப் பாட வேண்டும்.

சுருதியைத் தீர்மானிக்கப் பல்லவியை முதலில் பாடிப் பாருங்கள். அங்கே அதற்கு ‘சபி’ என்று பெயர். அதற்கு முன் ஏ-மெலோ, பி-மெலோ என்று இரண்டு பகுதி வரும். உச்ச சுரம் பெரும்பாலும் சபியில்தான் இருக்கும். ஆனால் கடைசி சபியையும் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். உடாடா ஹிகாருவின் ‘ஃபர்ஸ்ட் லவ்’ (1999) போன்ற பாட்டுகள் அங்கே அரைச் சுரம் மேலே ஏறிவிடும். கரோக்கே இயந்திரத்தில் சுருதிப் பொத்தானின் ஒரு அழுத்து அரைச் சுரம். பெண் குரல் பாட்டை ஆண் பாடினால் நான்கிலிருந்து ஆறு அழுத்து இறக்கிப் பாருங்கள். வீட்டில் பயிற்சிக்கு, பல ஜப்பானிய சிங்கிள்களிலேயே குரலில்லாத பதிப்பு சேர்ந்து வரும்.

ஜப்பானில் கரோக்கே அறைகளில் இருப்பவை பெரும்பாலும் டேம் அல்லது ஜாய்சவுண்டு இயந்திரங்கள். திரையில் வரிகள் நிறம் மாறிக்கொண்டே நகரும். நிறம் எந்தக் கானாவில் நிற்கிறதோ அதுதான் உங்கள் தட்டு. மைக்கின் தலையை உள்ளங்கையால் மூடாதீர்கள், ஊளையிடும். பாடி முடித்ததும் இயந்திரம் போடும் மதிப்பெண் பார்ப்பது சுருதி, தாளம், விப்ராட்டோ (குரல் அதிர்வு), சுரத்தைக் கீழிருந்து ஏற்றிப் பிடிக்கும் ‘ஷகுரி’ போன்றவற்றை. சொல்லைப் பார்ப்பதில்லை. ‘ல ல ல’ என்று பாடினாலும் நல்ல எண் வரும், ஆகவே 90 வாங்கியதை வைத்து உச்சரிப்பு சரி என்று நம்ப வேண்டாம்.

மூச்சு முட்டினால் அதற்கும் காரணம் உண்டு. யோனெஸு முன்பு ‘ஹச்சி’ என்ற பெயரில், ஹட்சுனே மிகு போன்ற குரல் மென்பொருளுக்குப் பாட்டு எழுதியவர். யோஅசோபியின் அயாசேயும், ‘உஸ்ஸேவ’வை எழுதிய ஷூடோவும் அதே வழியில் வந்தவர்கள். மென்பொருளுக்கு மூச்சு வேண்டாம்; அந்தப் பழக்கத்தில் பிறந்த மெட்டுகளில் இடைவெளி குறைவு. பாடகி மூச்சிழுக்கும் சத்தம் பதிவில் கேட்கும் இடங்களில் தாளில் சாய்கோடு போட்டு, அங்கே மட்டும், வாய் வழியே சிறிதாக இழுங்கள்.

இதனால்தான் அடுத்த பாட்டைத் தேடும்போது பாடகரை மட்டும் பார்த்தால் போதாது. கரோக்கே தலைப்புத் திரையில் பாடகர் பெயரோடு வரிகள், இசை யாருடையவை என்றும் போடுவார்கள். இசைக்கோர்ப்பாளர் (மெட்டுக்கு வாத்தியங்களை அமைப்பவர்) பெயருக்கு ஆல்பக் குறிப்பைப் பாருங்கள். டகேயுச்சி மரியாவின் ‘பிளாஸ்டிக் லவ்’ (1984) அவரே எழுதி இசையமைத்தது. கோர்த்தவர் அவர் கணவர் யமஷிடா டட்சுரோ. வெட்டி வெட்டி மீட்டும் அந்த கிட்டார் பிடித்திருந்தால் யமஷிடாவின் சொந்த ஆல்பங்களுக்குப் போங்கள். மட்சுபாரா மிகி பாடிய ‘மயொனக நொ தோஆ’ (1979) பிடித்திருந்தால், இசையமைப்பாளர் ஹயாஷி டெட்சுஜியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.