எலும்பின் உறையை வீணாக்காதீர்கள்

எலும்பில் பெரிய துண்டு போய்விட்டால், எங்கிருந்து எலும்பு எடுத்து நிரப்பலாம் என்பதிலேயே எல்லோருக்கும் கவனம். என்னிடம் பயில வருபவர்களை நான் முதலில் பார்க்கச் சொல்வது எலும்பைப் போர்த்தியிருக்கும் பெரியாஸ்டியத்தை. 1867-லேயே பிரெஞ்சு மருத்துவர் ஒல்லியே இதன் ஆற்றலைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். வெளியடுக்கு வெறும் நார். எலும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்ளடுக்கான கேம்பியத்தில்தான் புது எலும்பு கட்டும் செல்கள் இருக்கின்றன.

தொற்று முழுக்க அடங்கி, எலும்பு அசையாமல் பொருத்தப்பட்ட பிறகுதான் இந்த உறையை உரித்து இடைவெளியை மூடும் வேலை.

சரி, உரிப்பது எப்படி? குழந்தைகளுக்கு உறை தடிமனாக இருக்கும், உறையை நெம்பிப் பிரிக்கும் எலிவேட்டர் என்ற கருவிக்கே எளிதில் பிரிந்து வரும். பெரியவர்களுக்கு கேம்பியம் சில செல்களின் கனம்தான். எலிவேட்டரால் வழித்தால் நார்ப்படலம் கையோடு வரும், செல்களில் பெரும்பகுதி எலும்பிலேயே தங்கிவிடும். அதனால் கூரான ஆஸ்டியோடோமை, அதாவது எலும்பு உளியை, எலும்பின்மேல் ஏறக்குறைய படுக்கவைத்து, பென்சில் சீவுவதுபோல மெல்லச் சீவுங்கள். சவ்வின் அடியில் மெல்லிய எலும்புச் சீவல்கள் ஒட்டிக்கொண்டே வர வேண்டும். சீவிய இடத்தில் புள்ளி புள்ளியாக ரத்தம் கசிந்தால் உயிருள்ள எலும்பில் இருக்கிறீர்கள். வெளிப்புறத்துத் தசையைப் பிரிக்கவே கூடாது, ரத்தம் அந்த வழியாகத்தான் வருகிறது. மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் டயதர்மியைத் தள்ளி வையுங்கள். சலைனில் நனைத்த துணி எப்போதும் சவ்வின்மேல் இருக்கட்டும்.

அப்புறம் கேம்பியம் இடைவெளியைப் பார்க்கும்படி சவ்வை வைத்து, கரையும் மெல்லிய 4-0 நூலால் இழுவிசை இல்லாமல் தைத்துவிடுங்கள். செம்மறியாடுகளின் தொடையெலும்பில் 2.54 செ.மீ. இடைவெளியைச் சுற்றி உறையை மட்டும் விட்டுவைத்துச் செய்த சோதனையில், அந்த உறைக்குள் எலும்பு வளர்ந்திருக்கிறது. எனக்கு இந்த முறையில் நம்பிக்கை வந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

விபத்தில் உறையே சிதைந்துபோயிருந்தால் மாஸ்கெலே முறைக்குப் போங்கள். இடைவெளியில் எலும்பு சிமென்ட்டை உருளையாக வைத்தால் 6 முதல் 8 வாரத்தில் அதைச் சுற்றி ரத்த ஓட்டமுள்ள புதுச் சவ்வு உருவாகும். அதை நீளவாக்கில் பிளந்து சிமென்ட்டை எடுத்துவிட்டு, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த பஞ்செலும்பைத் தளர்வாக நிரப்பி, சவ்வை மூடித் தையுங்கள்.

நோயாளி புகைப்பதை அறுவைக்கு முன்பே நிறுத்தியாக வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. முன்பக்கம், பக்கவாட்டு எக்ஸ்-ரேக்களில் தெரியும் நான்கு புறணிகளில், அதாவது எலும்பின் கெட்டியான வெளிச்சுவர்களில், மூன்றிலாவது புது எலும்புப் பாலம் தென்படும்வரை முழு எடை ஊன்ற விடாதீர்கள்.