அரசு வெளியிட்ட நூல்களைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசு வெளியிடும் புத்தகங்களில் விலை குறைவு, விஷயம் அதிகம். டிஎன்பிஎஸ்சி எழுதுகிறவர், சட்டம் படிக்கிறவர், சொந்த ஊரின் வரலாற்றை எழுத உட்காருகிறவர் எல்லாரும் கடைசியில் வந்து சேருவது இவற்றிடம்தான். மத்திய அரசின் வெளியீட்டுப் பிரிவு 1941 முதல் இயங்குகிறது. சட்ட அமைச்சகம், தொல்லியல் துறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை, என்சிஇஆர்டி, நம் பாடநூல் கழகம் என்று வரிசை இன்னும் நீளும். காந்தியின் எழுத்துகளை நூறு தொகுதிகளாகப் போடுவதும், கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டுகளைப் படியெடுத்து அச்சிடுவதும் தனியார் பதிப்பகம் எதற்கும் கட்டுப்படியாகாத வேலை. அதைச் செய்து வைத்திருக்கிறார்கள், நாம் நன்றியோடு எடுத்துப் படிக்க வேண்டும்.

ஆனால் "அரசாங்கமே போட்டிருக்கு, அப்புறம் என்ன சந்தேகம்?" என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாளும் பழக்கம் நம்மிடம் அதிகம். அட்டையில் உள்ள சிங்க முத்திரை, புத்தகத்தை வெளியிட்டது யார் என்பதை மட்டுமே சொல்லும். உள்ளே இருப்பது இன்றைக்கும் செல்லுமா, யாருடைய கருத்து, எந்தப் பதிப்பு என்பதெல்லாம் நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை.

சட்டப் புத்தகத்தில் அடிக்குறிப்பைத் தாண்டிப் போவது

எல்லாத் தவறுகளிலும் ஆபத்தானது இதுதான். இதில் மனிதர்கள் சிறைக்கே போயிருக்கிறார்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. சமூக ஊடகத்தில் எழுதியதற்காக ஆட்களைக் கைது செய்யப் பயன்பட்ட பிரிவு அது. தீர்ப்பு வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் பல மாநிலங்களில் காவல் துறையினர் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 2021-இல் விஷயம் மறுபடி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது நீதிபதிகள் அதிர்ச்சி தெரிவித்தார்கள். அப்போது அரசின் தலைமை வழக்கறிஞர் தந்த விளக்கத்தைக் கவனிக்க வேண்டும்: சட்டப் புத்தகத்தில் பிரிவு அப்படியே இருக்கிறது, ரத்தான செய்தி அடிக்குறிப்பில்தான் இருக்கிறது. அதாவது மேலே பெரிய எழுத்தில் உள்ளதைப் படித்தவர்கள் கீழே பொடி எழுத்தில் உள்ளதைப் படிக்கவில்லை. 2022 அக்டோபரில் நீதிமன்றம் இதற்காகவே ஓர் உத்தரவு போட்டது. இந்தச் சட்டத்தை அச்சிடும் எந்த வெளியீடும், அது அரசுடையதானாலும் தனியாருடையதானாலும், 66ஏ பிரிவைக் காட்டினால் அது அரசமைப்புக்கு முரணானது என்று அறிவிக்கப்பட்டுவிட்டதை வாசகருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்றது.

இதற்கு நேர் எதிரான நிலைமையும் உண்டு. நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு திருத்தம், அமலுக்கு வராமலே அடிக்குறிப்பில் காத்திருக்கும். சட்ட அமைச்சகம் வெளியிடும் அரசமைப்புச் சட்ட நூலில் 22ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். தடுப்புக் காவல் பற்றிய பிரிவு அது. அதை மாற்றும் வாசகம் 1978-இன் 44ஆவது திருத்தத்தில் இருக்கிறது. ஆனால் அந்தத் திருத்தத்தின் 3ஆவது பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை வரவே இல்லை. அதனால் இன்றும் செல்லுபடியாவது பழைய வாசகம்தான். புது வாசகம் அடியில் இருக்கிறது. "1978-இல் திருத்திவிட்டார்களே" என்று எழுதுகிறவர் தவறாக எழுதுகிறார். ஒரு சட்டம் நிறைவேறிய தேதி வேறு, அமலுக்கு வந்த தேதி வேறு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1-இல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு அடிப்படையான 86ஆவது அரசமைப்புத் திருத்தம் 2002-இலேயே நிறைவேறியிருந்தும் அதே நாள்வரை காத்திருந்தது.

பழைய புத்தகத்தை வைத்துப் படிப்பதில் இப்போது இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 511 பிரிவுகள் 358 ஆகிவிட்டன. கொலைக் குற்றத்துக்கான தண்டனை முன்பு 302, இப்போது 103. புதிய சட்டத்தில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது பற்றியது. பழைய நினைவில் எண்ணை மட்டும் எழுதினால் அர்த்தமே தலைகீழாகிவிடும். அதற்காகப் பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டம்தான் பொருந்தும், அந்த வழக்குகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும்.

மாநிலத் திருத்தத்தை மறப்பதும் சாதாரணமாக நடக்கிறது. இந்துத் திருமணச் சட்டத்தின் மத்தியப் பதிப்பை மட்டும் படித்தால் தீயின் முன் ஏழடி எடுத்து வைக்கும் சடங்கான சப்தபதி பற்றிய 7ஆம் பிரிவோடு விஷயம் முடிந்துவிட்டது என்று தோன்றும். அண்ணா முதல்வராக இருந்த 1967-இல் தமிழ்நாடு சட்டமன்றம் 7ஏ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவித்தோ, மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ செய்துகொள்ளும் சுயமரியாதைத் திருமணம் இங்கே முழுமையாகச் செல்லும். மாநிலத் திருத்தம் இல்லாத பதிப்பை நம்பி, செல்லுபடியாகும் திருமணத்தைச் செல்லாது என்று யாரும் யாரையும் பயமுறுத்தக் கூடாது. சட்ட அமைச்சகத்தின் 'இந்தியா கோட்' தளத்தில் மூலச் சட்டத்தைப் பார்த்துவிட்டு, மாநிலத் திருத்தம் இருக்கிறதா என்று தனியாகத் தேடுங்கள்.

அதிகாரி எழுதியதை ஊரின் குரலாக எடுத்துக்கொள்வது

ஊர் வரலாறு எழுதுகிறவர்களுக்கு மாவட்ட கெஜட்டியர்கள், அதாவது ஒரு மாவட்டத்தின் வரலாறு, நிலம், மக்கள் பற்றி அரசு தொகுத்த விவர நூல்கள், பெரிய புதையல். 1906-இல் மதுரைக்கு டபிள்யூ. பிரான்சிஸ் எழுதியதும், தஞ்சாவூருக்கு ஹெமிங்வே எழுதியதும் இன்றும் பயன்படுகின்றன. ஆனால் 1906-இன் மதுரை மாவட்டமும் இன்றைய மதுரை மாவட்டமும் ஒன்றல்ல. திண்டுக்கல், தேனிப் பகுதிகள் அதற்குள் இருந்தன. ராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910-இல்தான். அந்தக் காலத்து மக்கள்தொகையையோ பாசனப் பரப்பையோ எடுத்து இன்றைய மாவட்டத்தோடு ஒப்பிட்டுக் கட்டுரை எழுதினால் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும்.

எல்லையைவிட நுட்பமான சிக்கல், எழுதியவரின் பார்வை. வரி வசூலிக்கவும் ஒழுங்கைக் காக்கவும் வந்த அதிகாரிகளுக்காக எழுதப்பட்டவை இவை. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி எழுதிய ஏழு தொகுதிகள் சென்னை அரசு அச்சகத்தில்தான் அச்சாயின. அவர் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். ஆட்களின் தலையையும் மூக்கையும் அளந்து இனம் பிரிக்க முடியும் என்று நம்பிய காலத்தின் நூல் அது. சடங்குகள், வழக்காறுகள் பற்றி அதில் உள்ள விவரங்களைப் பயன்படுத்துங்கள். ஒரு சமூகத்தின் குணம் இது, பிறப்பு இது என்று அது சொல்வதை எடுத்து வந்து இன்றைக்குச் சண்டை போடாதீர்கள். இந்தத் தவறு எனக்குத் தனிப்பட்ட முறையில் வருத்தம் தருவது. நூறாண்டு பழைய அதிகாரியின் ஒரு வரி, பிடிஎஃப் துண்டாக வாட்ஸ்அப்பில் சுற்றி ஒரு சாதியாரை இன்னொரு சாதியார் இழிவுபடுத்தப் பயன்படுகிறது.

சுருக்கத்தை மூலமாக நினைப்பது

கல்வெட்டு விஷயத்தில் இரண்டு வகை அரசு வெளியீடுகள் உண்டு. கல்வெட்டு ஆண்டறிக்கை ஒன்று. அதில் ஒரு கல்வெட்டுக்கு ஓர் எண், கோயிலில் அது இருக்கும் இடம், அரசன் பெயர், ஆட்சியாண்டு, மொழி, அப்புறம் ஆங்கிலத்தில் சில வரிச் சுருக்கம், அவ்வளவுதான். மற்றது தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள். 1890-இல் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் முதல் தொகுதியைக் கொண்டுவந்தார். இதில் கல்லில் உள்ள பாடமே அச்சாகியிருக்கும். பலர் ஆண்டறிக்கையின் சுருக்கத்தை மொழிபெயர்த்துவிட்டு "கல்வெட்டு இப்படிக் கூறுகிறது" என்று மேற்கோள் குறிக்குள் போட்டுவிடுகிறார்கள். கல்வெட்டு அப்படிக் கூறவில்லை, அறிக்கை தயாரித்தவர் கூறினார்.

வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்க இரண்டாம் தொகுதியில் தஞ்சைப் பெரிய கோயிலின் முதல் கல்வெட்டை எடுங்கள். "நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டச் சொல்கிறான் ராஜராஜன். சுருக்கத்தில் இது 'அரசன், தமக்கை, அரசியர், பிறர் அளித்த கொடைகள்' என்று வற்றிப்போகும். கொடுத்தவர் எவராயினும் அவர் பெயரும் கல்லில் ஏறட்டும் என்று அரசன் தன் வாயால் சொல்லும் தொனி மூலத்தில் மட்டுமே இருக்கிறது. எண்ணைத் தேட ஆண்டறிக்கை, எடுத்துக்காட்டத் தொகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகுதியில் இன்னும் அச்சாகாத கல்வெட்டு என்றால் 'ஆண்டறிக்கைச் சுருக்கப்படி' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள்.

எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் விடுவது

காந்தியின் தொகுப்பு நூல்களில் இது பெரிய தலைவலி. வெளியீட்டுப் பிரிவு 1958-இல் தொடங்கி 1994-இல் நூறு தொகுதிகளை முடித்தது. 1999-இல் குறுந்தகடாகவும், அதை ஒட்டி அச்சாகவும் ஒரு திருத்திய பதிப்பு வந்தது. அதில் சில பதிவுகள் விடுபட்டிருப்பதையும் வரிசை மாறியிருப்பதையும் அறிஞர்கள் கண்டுபிடித்து எதிர்த்தார்கள். 2005-இல் அரசு அந்தத் திருத்திய பதிப்பைத் திரும்பப் பெற்றது. ஆனால் குறுந்தகட்டின் 98 தொகுதிகள் பிடிஎஃப் வடிவில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. உங்கள் கையில் இருப்பது 98 தொகுதி என்றால் அது அந்தப் பதிப்புதான். தொகுதி எண்ணும் பக்க எண்ணும் மூலப் பதிப்போடு ஒத்துப்போகாது. மூலப் பதிப்பின் பக்கங்கள் காந்தி பாரம்பரிய இணையதளத்தில் கிடைக்கின்றன, அங்கே சரிபார்த்து எழுதுங்கள்.

பாடநூலிலும் இதே கதைதான். என்சிஇஆர்டி 2022-இல் 'பாடச் சுமை குறைப்பு' என்று பல பகுதிகளை நீக்கியது. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றில் முகலாய அரசவை பற்றிய பாடம் முழுவதும் போய்விட்டது. ஆகவே 'என்சிஇஆர்டி வரலாற்று நூல்' என்று மட்டும் குறிப்பிட்டால் போதாது, அச்சான ஆண்டும் வேண்டும். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பழைய சமச்சீர் நூலையும் 2018 முதல் வந்த புதிய நூலையும் கலந்து குறிப்பு எடுத்தால், எது எதிலிருந்து வந்தது என்று ஓரத்தில் எழுதி வையுங்கள்.

அம்பேத்கரின் எழுத்துகளை மகாராஷ்டிர அரசு 1979 முதல் வெளியிட்டு வருகிறது. அரசு வெளியிட்டதால் அது அரசின் கருத்து ஆகிவிடாது. அவர் முடிக்காமல் விட்ட கையெழுத்துப் படிகளும் அதில் அச்சாகியிருக்கின்றன. பதிப்பாசிரியர் குறிப்பைப் படித்தால்தான் எது முடிந்த நூல், எது வரைவு என்று தெரியும்.

கணக்கெடுப்பு என்றால் எண் மட்டும்தான் என்று ஒதுக்குவது

1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சென்னை மாநிலத்தில் பி.கே. நம்பியார் பொறுப்பில் வந்த நூல்களைத் தேடிப் பாருங்கள். கோயில்கள் பற்றி, திருவிழாக்கள், சந்தைகள் பற்றி, தேர்ந்தெடுத்த சில கிராமங்கள் பற்றித் தனித்தனி நூல்கள் உண்டு. வீட்டின் அமைப்பு, பெண்கள் போட்டிருந்த நகை, சாப்பாடு, வாங்கிய கடன் வரை எழுதி வைத்திருக்கிறார்கள். 'சென்சஸ்' என்ற பெயரைப் பார்த்து நம் ஆட்கள் அலமாரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அரசு நூல்தானே என்று அப்படியே மறுபதிப்புச் செய்வது

அரசு வெளியீட்டுக்கும் காப்புரிமை உண்டு. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1964-இல் வந்த நூல் 2024 டிசம்பரோடு விடுபட்டது, 1990-இல் வந்தது இன்னும் விடுபடவில்லை. அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் வேறு வகை, அவற்றை யாரும் அச்சிடலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அரசிதழில் வந்த அறிவிக்கைகளையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் பொதுவாக மறுபதிப்புச் செய்யலாம். நாடாளுமன்றத்திலோ சட்டமன்றத்திலோ வைக்கப்பட்ட ஆணைய அறிக்கைகளும் அரசு தடை விதிக்காதவரை அப்படியே. ஆனால் ஒரு சட்டத்தின் வாசகத்தை அச்சிட வேண்டுமானால் கூடவே உங்கள் விளக்கவுரையோ வேறு சொந்த எழுத்தோ இருக்க வேண்டும் என்பது காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு போடும் நிபந்தனை.