கிரியேட்டினின் நார்மல் என்று ஃபைலை மூடாதீர்கள்

புதிதாக டியூட்டிக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி டாக்டர்கள்) எழுதும் கேஸ் ஷீட்டைப் பார்த்தால், எங்கள் பேட்ச் அந்தக் காலத்தில் எழுதியதையே மறுபடி படிப்பதுபோல் இருக்கிறது. உப்பைக் குறை, தினம் நட, மாத்திரையை விடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். கிட்னியும் இதயமும் சேர்ந்து தளரும் நோயாளிகளிடம் நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கிரியேட்டினினை மட்டும் பார்ப்பது

அந்த அம்மாவுக்கு 70 வயது. பல வருடச் சர்க்கரை, கூடவே பி.பி. ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால்தான் தேவலை, காலும் வீங்குகிறது என்று வந்தார். கொண்டுவந்த ஃபைலில் வருடத்துக்கு வருடம் 'கிட்னி நார்மல்'. கடைசி கிரியேட்டினின் (கிட்னி ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்றும் கழிவு) 1.1. லேப் தாளில் கொடுத்திருக்கும் அளவுக்குள் இருக்கிறதே, யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

அதே 1.1 ஒரு 25 வயதுப் பையனுக்கு இருந்தால் ஈ.ஜி.எஃப்.ஆர். (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று வயது, பாலினம் சேர்த்துப் போடும் கணக்கு) 95 பக்கம் வரும். இந்த அம்மாவுக்குப் போட்டுப் பார்த்தால் 54. மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழேயே நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை வற்றிய உடம்பில், கிட்னி தளர்ந்த பிறகும் அந்த எண் நல்ல பிள்ளையாகவே நிற்கும்.

அதைவிட எரிச்சல், யூரினில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதத்தை (ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் எவ்வளவு கசிகிறது என்பதன் அளவு) ஒருவர்கூட ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. 24 மணி நேரம் கேனில் பிடிக்கச் சொல்ல வேண்டாம், ஒரு வேளை யூரின் போதும். கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டியது அவருக்கு 400ஐத் தாண்டியிருந்தது. (யூரினில் முக்கிப் பார்க்கும் டிப்ஸ்டிக் பட்டையில் 'நில்' வந்ததே என்று சொல்லாதீர்கள், ஆரம்பக் கசிவு அதில் தப்பிவிடும்.) ஆல்புமின் கசிகிறது என்றால் உடம்பெங்கும் ரத்தக்குழாய்களின் உள்சுவர் பழுதாகிறது என்று பொருள். அதனால்தான் ஈ.ஜி.எஃப்.ஆர். நன்றாக இருக்கும்போதே இவர்களுக்கு மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் வரும் வாய்ப்பு கூடுகிறது. கிட்னி நோயாளிகளில் பலர் டயாலிசிஸ் வரை போவதே இல்லை, அதற்குள் இதயம் கைவிட்டுவிடுகிறது. இதயம், கிட்னி, வளர்சிதை மாற்றக் கோளாறு (சர்க்கரை, உடல் பருமன் போன்றவை) மூன்றையும் ஒரே தொகுப்பாகச் சேர்த்து, 0 முதல் 4 வரை நிலை பிரித்து அமெரிக்க இதய சங்கம் 2023லேயே சொல்லிவிட்டது. நம் ஃபைல்கள்தான் இன்னும் மூன்று ஓ.பி.யில் தனித்தனியாகக் கிடக்கின்றன.

யூரினில் ஆல்புமின் ஒருமுறை கூடுதலாக வந்ததும் முத்திரை குத்திவிடவும் வேண்டாம். காய்ச்சல், யூரின் இன்ஃபெக்ஷன், கடும் உடற்பயிற்சி எல்லாம் அதை ஏற்றிக் காட்டும். மூன்று மாத இடைவெளியில் மறுபடி பாருங்கள்.

கிரியேட்டினின் லேசாக ஏறியதும் மாத்திரையை நிறுத்துவது

பி.பி.யைக் குறைத்து கிட்னியையும் காக்கும் ராமிப்ரில், டெல்மிசார்டான் ஆரம்பித்த நான்கு வாரத்துக்குள் கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பதறாதீர்கள். பொட்டாசியத்தைப் பார்த்துக்கொண்டு தொடருங்கள். சர்க்கரைக்கும் கிட்னி, இதயத்துக்கும் கொடுக்கும் டாபாகிளிஃப்ளோசினும் ஆரம்பத்தில் ஈ.ஜி.எஃப்.ஆரைச் சற்று இறக்கும். வாந்தி பேதி, ஆபரேஷனுக்குப் பட்டினி என்றால் மட்டும் அதைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லுங்கள். தேறியதும் மறுபடி எப்போது ஆரம்பிப்பது என்று சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.

மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக்

வேண்டாம். இந்த வலி மாத்திரை தளர்ந்த கிட்னியை இன்னும் கெடுக்கும்.

சோடியம் குறைந்த உப்பு

அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம். தளர்ந்த கிட்னியால் அதை வெளியேற்ற முடியாமல் ரத்தத்தில் கூடும், டெல்மிசார்டானும் அதை ஏற்றும். கிட்னி தளர்ந்து, டெல்மிசார்டானும் சாப்பிடுகிறவரிடம் 'பி.பி.க்கு நல்லது' என்று சொல்லி மளிகைக் கடைக்கு அனுப்பாதீர்கள்.