அட்டையில் ஆயில் உருவப்படம்: ஊட்டி ஈரத்தில் போஸ்னான்ஸ்கா முறை

கிராக்குவில் பிறந்த போலந்து ஓவியர் ஓல்கா போஸ்னான்ஸ்கா (1865–1940) 1898இல் பாரிசுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவர் தீட்டிய பெண்களின் உருவப்படங்கள் பல, பூச்சில்லாத அட்டையில் ஆயில் வண்ணத்தில் செய்தவை. அட்டை எண்ணெயை உறிஞ்சுவதால் மினுமினுப்பு வராது. அந்தச் சாம்பல் மங்கலுக்காகத்தான் இத்தனை பாடும்.

பைண்டிங் கடையில் 3 மி.மீ. சாம்பல் அட்டை வாங்குங்கள். முதல் படத்துக்கு 30 × 40 செ.மீ. போதும். வெற்று அட்டையில் எண்ணெய் இறங்கினால் நாளடைவில் பழுத்து நொறுங்கும். ஜெலட்டின் பசை தடவலாம்தான், ஆனால் மலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். அக்ரிலிக் மேட் மீடியத்தில் (நிறமில்லாத, மினுங்காத பூச்சு) சம அளவு தண்ணீர் கலந்து முன், பின், விளிம்பு எங்கும் ஒரே ஒரு கை பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் அட்டை வளையும். இரண்டாம் கை பூசினால் உறிஞ்சும் தன்மை போய்விடும்.

நேர்வெயில் விழாது என்பதால் ஐரோப்பியப் புத்தகங்கள் வடக்கு ஜன்னலைச் சொல்லும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிச் சூரியன் வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலே சரி. மேகம் இறங்கிய நாளென்றால் எந்த ஜன்னலும் ஆகும். முகத்தில் கறுத்த நிழல் விழாத அந்த வெளிச்சம் இந்தப் பாணிக்கென்றே அமைந்தது.

டியூப் வண்ணத்தை மை ஒற்றும் தாளில் பிதுக்கி ஒரு மணி நேரம் விடுங்கள், உபரி எண்ணெய் இறங்கிவிடும். வெள்ளை, எல்லோ ஓக்கர், லைட் ரெட், பர்ன்ட் அம்பர், ஐவரி பிளாக் போதும். நீலம் வேண்டாம்: வெள்ளையில் கறுப்பைத் துளி சேர்த்தாலே, ஓக்கர் பக்கத்தில் அது நீலமாகத் தெரியும்.

டர்பன்டைனில் கரைத்த அம்பரால் உருவத்தைப் பிடித்துக்கொண்டு, பின்னணியையும் உடையையும் சிறு சிறு தீற்றல்களாக வையுங்கள். தேய்த்துக் கலக்கினால் சேறாகும். இடையிடையே அட்டையின் நிறம் தெரியட்டும். கண், வாய், கைகளை மட்டும் கடைசியில் அழுத்தமாக எழுதுங்கள். போஸ்னான்ஸ்காவிடம் பலமுறை வந்து உட்கார வேண்டியிருந்ததாம். உங்களிடமும் அப்படித்தான், மாடலிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அம்பர் சீக்கிரம் காயும், ஐவரி பிளாக் இழுத்தடிக்கும். அவசரப்பட்டுக் கணப்பருகே வைத்தால் அட்டை முறுக்கிக்கொள்ளும். வார்னிஷ் அடித்தால் சாம்பல் எல்லாம் கறுத்துவிடும். அதற்குப் பதில் வண்ணத்தில் படாதபடி இடைவெளி விட்டுக் கண்ணாடி போடுங்கள். சட்டத்தின் பின்மூலைகளில் கார்க் துண்டு ஒட்டி, மழைச்சாரல் அடிக்காத உள்சுவரில் மாட்டுங்கள்.