சுவரில் பொருத்திய புல்-அப் கம்பியின் ஆட்டம் நின்றது எப்படி?

தொங்கியபடி உடலை மேலே இழுக்கும் பயிற்சிக்கான புல்-அப் கம்பியைப் பொருத்திய மூன்றாம் நாளே, தொங்கும்போது அது மெல்ல ஆடத் தொடங்கியது. மேல்வரிசை போல்ட்டுகளைச் சுற்றி மட்டும் பொடி உதிர்ந்தது. இறுக்கிப் பார்த்தேன், இரண்டு நாளில் தளர்ந்தன. பெரிய பிளாஸ்டிக் பிளக் செருகியும், துளையைச் சிமெண்டால் அடைத்துப் புதிதாகத் துளையிட்டும் ஒரு வாரம் வீணானதே மிச்சம்.

கம்பி சுவரிலிருந்து 60 செ.மீ. வெளியே நீண்டிருக்க, மேல் கீழ் போல்ட்டுகளுக்கிடையே 30 செ.மீ. மட்டுமே இருந்ததால், மேல்வரிசையை என் எடையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விசை வெளியே இழுத்தது. கீழ்ப்பகுதியோ சுவரோடு அழுந்தியே இருந்தது. கம்பி வாங்கும்போது எல்லோரும் பார்க்கும் குழாயின் தடிமனைவிட இந்த இடைவெளிதான் முக்கியம் என்பேன்.

துளையிடும்போது வந்த தூளின் நிறத்தை நான் முதலில் பொருட்படுத்தவில்லை. பூச்சின் சாம்பல் நிறத்துக்குப் பிறகு செங்கல்லின் சிவப்பு வந்திருக்க வேண்டும். இரண்டு துளைகளில் கடைசிவரை சாம்பல் நிறமே வந்தது, டிரில்லும் எளிதாக இறங்கியது. அதாவது, அவை செங்கற்களுக்கிடையிலான சாந்தில் விழுந்திருந்தன.

ஆகவே கம்பியைச் சுவரோடு பிணைக்கும் தாங்கியை உயர்த்தி, மேல்வரிசை கான்கிரீட் லிண்டலின் (கதவு, சன்னலுக்கு மேல் சுவரைத் தாங்கும் விட்டத்தின்) நடுவில் அமையுமாறு ஹேமர் டிரில்லால் துளையிட்டேன். தூள் தங்கினால் பிடிப்பு குறையும் என்பதால், தூரிகையாலும் காற்றாலும் துளைகளை இருமுறை சுத்தம் செய்த பின்னரே ஆங்கர் போல்ட்டுகளை (துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்டுகளை) முடுக்கினேன். இரண்டு மாதங்களாகக் கம்பி அசையவில்லை, பொடியும் உதிரவில்லை.