அமெரிக்க உணவகத்தில் டிப்ஸ்: கார்டு ரசீதில் என்ன எழுதுவது?

அமெரிக்காவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டும் என்பது தெரிந்தே இருக்கிறது. எந்தத் தொகைக்குக் கணக்குப் போடுவது, தாளில் எங்கே எழுதுவது என்பதில்தான் தடுமாற்றம்.

முதலில், ஏன் இதில் கஞ்சத்தனம் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்தியச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர்தான். 1991லிருந்து அது மாறவே இல்லை. டிப்ஸோடு சேர்த்தும், எல்லோருக்கும் பொதுவான மத்தியக் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 டாலர் தேறாவிட்டால் மீதியை முதலாளி கொடுக்க வேண்டும். கலிஃபோர்னியா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்களில் டிப்ஸைக் கணக்கில் எடுக்காமல் முழுக் குறைந்தபட்சக் கூலியும் உண்டு. ஆனால் அங்கேயும் டிப்ஸ் வழக்கம் இதேதான்.

படி 1: பில்லை வரிவரியாகப் படியுங்கள். ஆறு பேர், எட்டு பேர் என்று கூட்டமாகப் போனால் 18 அல்லது 20 சதவீதத்தை ‘கிராஜுவிட்டி’ என்று அவர்களே சேர்த்திருக்கலாம். அது இருந்தால் தனியாக டிப்ஸ் தேவையில்லை. ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று இருந்தால், அது சர்வருக்குப் போகிறதா என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

படி 2: கணக்கு. 15 முதல் 20 சதவீதம் வழக்கம். என்னைக் கேட்டால் 20 போடுங்கள், கணக்கும் சுலபம். வரிக்கு முந்தைய தொகை 48.00 என்றால் பத்தில் ஒரு பங்கு 4.80, அதை இரட்டித்தால் 9.60. இதற்கென்று தனி ஆப் எதுவும் வேண்டாம். கூப்பனில் தள்ளுபடி கிடைத்திருந்தால், தள்ளுபடிக்கு முந்தைய விலைக்குத்தான் டிப்ஸ். சர்வரின் வேலை குறையவில்லையே.

படி 3: பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இது. கார்டைத் தேய்த்த பிறகு சர்வர் இரண்டு தாள் கொண்டுவருவார். ‘மெர்ச்சன்ட் காப்பி’ கடைக்கு, ‘கஸ்டமர் காப்பி’ உங்களுக்கு. கடைக்கான தாளில்தான் எழுத வேண்டும். வரியோடு 52.20 என்று அச்சாகியிருக்கும். அதன் கீழே டிப் என்ற கோட்டில் 9.60, டோட்டல் என்ற கோட்டில் 61.80, பிறகு கையெழுத்து. கூட்டல் சரியாக இருக்கட்டும், எண்கள் தெளிவாக இருக்கட்டும். டிப்ஸை ரொக்கமாக வைப்பதானால் டிப் கோட்டில் ‘கேஷ்’ என்று எழுதி, டோட்டலில் 52.20 போடுங்கள். எந்தக் கோட்டையும் காலியாக விடாதீர்கள். அந்தத் தாளை மேஜையிலேயே வைத்துவிட்டு உங்கள் தாளை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். கார்டை மறக்காதீர்கள்!

அப்புறம், தாளின் அடியில் 18, 20, 22 சதவீதத்துக்கு எவ்வளவு என்று அவர்களே அச்சிட்டிருப்பார்கள். பல இடங்களில் அது வரியையும் சேர்த்துப் போட்ட கணக்கு. நம் உதாரணத்தில் 20 சதவீதம் 10.44 ஆகிவிடும். வித்தியாசம் சில்லறைதான், இருந்தாலும் தெரிந்து கொடுங்கள்.

சாப்பாடு சரியில்லை என்றால் மேனேஜரிடம் சொல்லுங்கள். சமையலறையில் நடந்த தவறுக்குச் சர்வரின் டிப்ஸில் கை வைக்க வேண்டாம். பல இடங்களில் அந்தப் பணத்தில் மேஜை துடைப்பவருக்கும் பங்கு உண்டு.

பின்சேர்க்கை: “வங்கியிலிருந்து 52.20 என்றுதான் செய்தி வந்தது, டிப்ஸ் போகவில்லையா?” என்று சிலர் கேட்டிருந்தார்கள். முதலில் பில் தொகைக்கு மட்டும் அனுமதி வாங்குவார்கள். நீங்கள் எழுதியதைக் கடையில் பிறகுதான் பதிவார்கள். ஓரிரு நாளில் 61.80 என்று மாறும். அதுவரை கஸ்டமர் காப்பியில் அதே எண்களைக் குறித்து வைத்திருங்கள். தொகை வேறாக வந்தால் கடையில் பேச அது உதவும்.